அடித்தல் திருத்தல் இல்லாத தாள்

ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.15க்கு விளக்கேற்றினேன். 5.35க்கு ஆயர் ஈத்தாம் பசார் முனையில் கம்பெனி பஸ். ஓட்டுநருக்குப் பின்வரிசை, சன்னலோரம். தூறல். 6.25க்குத் தொழிற்சாலை வாசல். கேன்டீனில் பாலில்லாத கோப்பி ஓ ஒன்று, இரண்டு ரொட்டித் துண்டு. 6.45க்கு லாக்கர் அறையில் காலணி மாற்றி, தலையுறை, முகக்கவசம், நீல மேலங்கி. 7.00க்கு லைன் ஓடத் தொடங்கியது.

அன்றைய நாட்குறிப்பின் முதல் பத்தி இதுதான். வருடத்தை எழுதவில்லை. சம்பந்தப்பட்டவர்களில் மூன்று பேர் இன்னும் அதே இடத்தில்தான் வேலை பார்க்கிறார்கள்.

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார்: "இத்தனை வருடம் சூப்பர்வைசராக இருந்தீர்களே, உங்கள் ஆட்கள் உங்களை எப்போது நம்ப ஆரம்பித்தார்கள்?" முதல் வருடமே என்றுதான் நான் நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணம் மேற்படி செவ்வாய்க்கிழமை மதியம் வரை நீடித்தது.

கண்ணாடி அறை

எங்கள் பிரிவின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைகளுக்குப் போகும் மெல்லிய குழாய்களைப் பையில் இட்டு, பையின் வாயைச் சூட்டில் ஒட்டி மூட வேண்டும். ஒட்டும் மெஷினின் சூடு நூற்று நாற்பது பாகைக்குக் கீழே போகக் கூடாது. போனால் பை ஒட்டியதுபோல்தான் தெரியும். இரண்டு நாளில் ஓரம் பிளந்துகொள்ளும். உள்ளே இருப்பது யாரோ ஒரு நோயாளியின் உடம்புக்குள் போகப்போகிற குழாய்.

அதனால் மெஷினில் இருப்பவர் மணிக்கொரு முறை சூட்டைப் பார்த்துத் தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஷிப்ட் முடிவில் அடியில் என் கையெழுத்து.

9.40க்கு என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். மேலாளர் மிஸ்டர் கோ இருந்தார். பக்கத்தில் மனிதவளப் பிரிவுப் பெண். மேசைமேல் ஓரம் பிளந்த பைகள் ஏழெட்டு. போன வியாழக்கிழமை நான்காம் மெஷினில் செய்தவை. நல்லவேளை, எங்கள் கிடங்கை விட்டு வெளியே போகவில்லை; தரம் பார்க்கிறவர்கள் பெட்டியைத் திறந்தபோது கண்ணில் பட்டுவிட்டன.

பைகளுக்குப் பக்கத்தில் இரண்டு தாள்கள். ஒன்று மெஷின் தானே பதிந்து வைத்திருந்த கணக்கு. அதில் வியாழன் பத்து மணிவாக்கில் சூடு நூற்று முப்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. இன்னொன்று கையால் எழுதிய தாள். அதில் காலை ஏழு முதல் மதியம் மூன்று வரை, வரிசையாக, அழகாக, நூற்று நாற்பத்தைந்து. ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. ஒவ்வொரு வரியிலும் பரமேஸ்வரியின் கையெழுத்து. அடியில் என்னுடையது.

பதிவைப் பொய்யாக எழுதினால் வேலை போகும். அது கம்பெனி விதி. சேரும் நாளிலேயே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள்.

பரமேஸை வரச் சொன்னார்கள். பதினான்கு வருடமாக இருப்பவள். பாகான் டாலாமிலிருந்து பாலம் தாண்டி வருகிறவள். மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

"இது உன் கையெழுத்தா?" என்று மலாயில் கேட்டார் மிஸ்டர் கோ.

"ஆமாம்."

"நீ எழுதியதுதானா?"

"நான்தான் எழுதினேன்."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். அவளை அனுப்பிவிட்டார்கள். மூன்று மணிக்குக் கடிதம் தயாராகிவிடும் என்றார் மனிதவளப் பெண்.

"உங்கள் பிரிவில் இப்படி நடக்கும் என்று நான் நினைக்கவில்லை" என்றார் மிஸ்டர் கோ. நானும் நினைக்கவில்லை என்றேன். உண்மையாகவே அப்படித்தான் இருந்தது என் மனம். பரமேஸ் என்னை ஏமாற்றிவிட்டாள் என்ற கோபம்தான் எனக்கு.

அப்பாவின் அடிமட்டம்

என் அப்பா பட்டர்வொர்த்தில் ரயில்வே கிளார்க். யாழ்ப்பாணத்துக் குடும்பம். எங்கள் சொந்தத்தில் கிளார்க் அல்லாத ஆண்பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்பாவின் மேசையில் கறுத்துப்போன மரத்தாலான அடிமட்டம் ஒன்று இருந்தது. பள்ளிக் கணக்கில் ஒரு தப்பு வந்தால் அழிக்க விடமாட்டார். பக்கத்தைக் கிழித்துவிட்டு முழுதும் மறுபடி எழுதச் சொல்வார். அடிப்பதில்லை, ஏசுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்த அடிமட்டத்தால் புதுத் தாளுக்கு ஓரக்கோடு போட்டுக் கொடுப்பார்.

அப்படி எழுதிய நோட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. புரட்டிப் பார்த்தால் நான் ஒரு கணக்கைக்கூடத் தப்பாகப் போட்டதே இல்லை என்றுதான் தோன்றும்.

மேசைக்கு மேலே தொங்கியது

இன்னொரு பழைய கதையும் இங்கே வேண்டும். இருபது வயதில் நான் முதலில் வேலை பார்த்தது வேறொரு தொழிற்சாலையில். அங்கே ஒரு சூப்பர்வைசர். யாராவது பிழையாகச் செய்துவிட்டால் அந்தப் பொருளை நூலில் கட்டி அவளுடைய மேசைக்கு மேலே தொங்கவிடுவார். நாள் முழுக்க மின்விசிறிக் காற்றில் ஆடும். பாத்ரூம் போகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போவார்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? பிழையானதைக் காலுறைக்குள் ஒளித்துக்கொண்டு போய்க் கழிவறையில் போட்டோம். ஒரு நாள் தண்ணீர் ஏறிக் கூடம் முழுக்க வந்துவிட்டது. குழாய்க்காரர் வந்து தோண்டி எடுத்தார். ஒரு வாளி நிறைய எங்கள் பிழைகள்.

நான் சூப்பர்வைசரானால் யாரையும் அப்படி அவமானப்படுத்த மாட்டேன் என்று அன்றே முடிவு செய்தேன். அதைக் காப்பாற்றவும் செய்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை வரையான பதினொரு வருடத்தில் என் பிரிவின் இருபத்திரண்டு பேரில் ஒருவரிடம்கூட நான் குரலை உயர்த்தியதில்லை. பிறந்தநாள், பிள்ளைகளின் பரீட்சை, தீபாவளி, ஹரி ராயா, எல்லாம் தேதியோடு நினைவில் இருக்கும். என் பிரிவு அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்கு நம்பிக்கை என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

ஒரு வரி

நாட்குறிப்பை லாக்கரில்தான் வைக்க முடியும். உற்பத்திக் கூடத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. மதிய உணவு வேளையில் எடுத்து, காலையில் நடந்ததைக் குறித்துக்கொள்வது வழக்கம். அன்று 12.10க்கு எடுத்தேன். பரமேஸைப் பற்றி எழுத வேண்டும். பைகள் செய்த நாளின் விவரத்தைச் சரியாக எழுதலாமே என்று வியாழக்கிழமைக்குப் பக்கத்தைத் திருப்பினேன்.

அங்கே என் கையெழுத்தில், ஊதா மையில்:

'11.05. பரமேஸின் தாளில் அடித்தல். நாளை வாடிக்கையாளர் தரப்பு ஆட்கள் வருகிறார்கள். வேறு தாளில் எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தந்தாள். நேர்த்தி.'

அதைப் படிக்கும்வரை எனக்கு அது நினைவிலேயே இல்லை. அதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. மறைக்க வேண்டிய விஷயம் என்று நினைத்திருந்தால் நினைவில் இருந்திருக்கும். அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

எழுதிய எண்ணைத் திருத்த வேண்டுமானால் மேலே ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிச் சிறு கையெழுத்து வைக்க வேண்டும். தாளை மாற்றவே கூடாது. விதி அது. அந்த விதியைப் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே நான்தான்.

லாக்கர் அறையின் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த வரியைப் படித்தது உலகத்தில் நான் ஒருத்தி. பிரிவுத் தலைவர் பதவிக்கு என் பெயர் மேலே போயிருப்பதாக மிஸ்டர் கோ ஒரு மாதம் முன்புதான் சொல்லியிருந்தார். இதையெல்லாம் யோசித்தேனா? யோசித்தேன். 12.14 முதல் 12.25 வரை யோசித்தேன். எழுந்தபோதும் முழுதாக முடிவு செய்திருக்கவில்லை.

மீன் முள்

கேன்டீனில் பரமேஸ் கடைசி மேசையில் இருந்தாள். அவளோடு யாத்தி. அவளுடைய முழுப்பெயர் நூர்ஹயாத்தி. இரண்டாம் மெஷினில் இருப்பவள். வாயைத் திறந்து பேசி நான் அதிகம் கேட்டதில்லை. நான் வருவதைப் பார்த்ததும் யாத்தி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

நான் உட்கார்ந்தேன். பரமேஸ் மீனிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பசியாறுனீங்களாக்கா?"

"இல்ல. பரமேஸ், வியாழக்கிழமை அந்தத் தாள நான்தானே திருப்பி எழுதச் சொன்னேன்?"

முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "ஆமாக்கா."

"உள்ள கேட்டப்ப ஏன் சொல்லல?"

"நீங்க அங்கதான்லா உக்காந்திருந்தீங்க. நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். சொல்லல. பொறவு நான் எப்படிச் சொல்றது?"

"எனக்கு ஞாபகம் இல்ல. நெசமாவே."

"உங்களுக்கா?" சிரித்துவிட்டாள். "மணி நிமிஷம்லாம் எழுதி வச்சிருக்கிற உங்களுக்கா? யார்கிட்டயாச்சும் போய்ச் சொல்லிப் பாருங்க, நம்புறாங்களான்னு."

அவள் சிரிப்பு நின்றது.

"பத்து மணிக்குப் பாக்குறேன், நூத்தி முப்பத்தொண்ணு. அப்படியே எழுதிட்டேன். டெக்னீசியனக் கூப்பிட்டேன், அவரு வந்து சரி பண்ணிட்டாரு. திருப்பிப் பாத்தா நூத்தி நாப்பத்தஞ்சு. பழசுமேல கோடு போட்டுப் பக்கத்துல அத எழுதினேன். கெட்ட சூட்டுல வந்த ரெண்டு பெட்டியயும் தனியா எடுத்து வச்சேன். நீங்க வந்தோன்ன சொல்லலாம்னு தாளக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். நீங்க வந்தீங்க. 'கடைசி நம்பர் எது, அத மட்டும் வச்சு வேற தாள் எழுது'ன்னீங்க. போயிட்டீங்க."

"நூத்தி முப்பத்தொண்ணுன்னு எழுதியிருந்துச்சா?"

"எழுதியிருந்துச்சுக்கா. நீங்க நம்பரயே பாக்கல. கோடு போட்டிருந்தத மட்டும்தான் பாத்தீங்க."

"அந்த ரெண்டு பெட்டி?"

"தாள்ல ஒண்ணும் இல்லன்னா தனியா வைக்கக் காரணம் இல்லல்ல? பேக்கிங் ஆளு வந்து எல்லாத்தோடயும் சேத்துத் தள்ளிட்டுப் போயிட்டான்."

"என்னக் கூப்பிட்டிருக்கலாமே, பரமேஸ்."

"கூப்பிடலாம். நீங்க ஏச மாட்டீங்க, அது தெரியும். ஆனா முகத்த ஒரு மாதிரி வச்சுக்கிட்டுத் தாளத் திருப்பிக் கொடுப்பீங்க பாருங்க. அதுக்கு ஏசிட்டாக்கூடப் பரவால்ல." மறுபடி மீன் பக்கம் திரும்பினாள். "எல்லாருமே நூத்தி நாப்பத்தஞ்சுதான்க்கா எழுதுவோம். உங்களுக்கு அதுதான் புடிக்கும்."

எல்லாருமே என்றாள். அந்தச் சொல்லுக்குப் பிறகு யோசிக்க எதுவும் மிச்சமில்லை.

"எத்தனை தாள்?"

1.15க்கு நாட்குறிப்போடு மிஸ்டர் கோவின் அறைக்குப் போனேன். ஆங்கிலத்தில் பேசினோம், தமிழில் தருகிறேன். அந்த வரியை நானே மொழிபெயர்த்துச் சொன்னேன். தமிழ் தெரிந்த வேறு ஒருவரை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பிறகு பரமேஸ் சொன்னதைச் சொன்னேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரியவே போவதில்லை."

"என் ஆட்களுக்கு வியாழக்கிழமையே தெரியும்."

"வேறு எத்தனை தாள் இப்படி?"

பதினொரு வருடத்தில் அவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் எண்ணோடு பதில் சொன்னவள் நான். "தெரியாது. நிறைய இருக்கலாம்" என்றேன்.

அவர் கிடங்குக்குப் போன் போட்டு, எங்கள் பிரிவின் பெட்டி ஒன்றுகூட வெளியே போகக் கூடாது என்றார். மெஷின்களின் சொந்தக் கணக்கை வைத்து ஒவ்வொரு தாளையும் ஒத்துப் பார்க்க ஆள் போட்டார். பிடித்து வைக்க வேண்டியிருந்த பெட்டிகள் பிறகு இன்னும் கொஞ்சம் அகப்பட்டன. அவையும் உள்ளேதான் இருந்தன. அன்று அந்த அறையில் அது எங்கள் இருவருக்குமே தெரியாது.

பரமேஸுக்குத் தயாரித்த கடிதம் கிழிக்கப்பட்டது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். "அந்த இன்னொரு விஷயம் இந்த வருடம் வேண்டாம்" என்றார். பிரிவுத் தலைவர் பதவியைச் சொல்கிறார். சரி என்றேன்.

கதவருகே போன என்னைக் கூப்பிட்டார். "உங்கள் ஆட்களிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்?"

"நடந்ததை."

"கடிதத்தைப் பற்றியுமா?"

"கடிதத்தைப் பற்றியும்."

மூன்று மணி

மூன்று மணிக்கு ஒரு ஷிப்ட் இறங்கி இன்னொன்று ஏறும். இரண்டும் ஒன்றாக நிற்பது அந்த ஐந்து நிமிடம்தான். மிஸ்டர் கோவிடம் பதினைந்து கேட்டு வாங்கியிருந்தேன். மலாயில் பேசினேன், பிறகு தமிழில். எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசியது அதுவே முதல் தடவை. நிறையத் தடுமாறினேன்.

வியாழக்கிழமை தாளை மாற்றச் சொன்னது நான். பரமேஸ் செய்தது சரி, நான் செய்தது பிழை. அதற்கு எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. உங்கள் தாள்கள் சுத்தமாக இருந்தது என் முகத்துக்குப் பயந்து. இனி நான் முதலில் எண்ணைப் படிப்பேன். அடித்திருந்தால் ஏன் என்று கேட்பேன். கேட்டுவிட்டு அதே தாளில் கையெழுத்திடுவேன். இவ்வளவும் சொல்ல ஆறு நிமிடம் ஆனது.

முகக்கவசங்களுக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவற்றில் என்ன இருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

பின்வரிசையிலிருந்து பரமேஸின் குரல். "அக்கா, அந்தக் கடிதத்துல அடித்தல் திருத்தல் ஏதும் இல்லையே? இருந்தா வேற தாள்ல கேட்டு வாங்கிருங்க."

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்களுக்கு யாரோ மொழிபெயர்த்தார்கள். அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

எல்லாரும் சிரிக்கவில்லை. எங்கள் பிரிவில் பேக்கிங் பார்க்கும் மணியம் அண்ணன், என்னைவிட ஆறு வயது மூத்தவர், கையுறையைக் கழற்றிக்கொண்டே போனார். "நல்லாத்தான் பேசுறீங்க. பாப்போம்லா" என்றார்.

அதையும் அன்று எழுதி வைத்தேன். அவர் சொன்னது நியாயம். பதினொரு வருடம் பார்த்த முகத்தை ஆறு நிமிடத்தில் எப்படி மறப்பார்கள்?

வீட்டில் என் கணவர் சிவம் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பதவி போச்சோ?" என்றார்.

"போச்சு."

"ஆயர் ஈத்தாம் முழுக்கச் சொல்லி வச்சிட்டேனே."

"திருத்திச் சொல்லுங்க."

"கோடு போட்டா, வேற தாள்லயா?" என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் போட்டார். அவர் கேலி செய்தால் எனக்குக் கோபம் வரும். அன்று வரவில்லை. இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஜூலை 10, புதன்கிழமை

6.45க்கு லாக்கர் அறை. காலணியை மாற்றக் குனிந்தபோது பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. யாத்தி. தலையுறை, முகக்கவசம், எல்லாம் போட்டுத் தயாராக இருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ.

"அக்கா," என்றாள். மற்ற நாளில் அவள் என்னைக் கூப்பிடுவது மலாய் அக்காவான 'காக்' என்று. பிறகு மலாயில் சொன்னாள். இரண்டாம் மெஷினில் நான்கு நாளாக ஒரு சத்தம் வருகிறது. பை இறங்கும்போது. எண்ணெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தம் முன்பு இல்லை.

அவளோடு நடந்தேன். மெஷினை ஓட்டச் சொன்னேன். குனிந்து காதை வைத்துக் கேட்டேன். பத்துப் பை, இருபது பை. சூட்டைப் பார்த்தேன். நூற்று நாற்பத்தாறு.

"இப்போது கேட்கிறதா?" என்று யாத்தியிடம் கேட்டேன்.

"கேட்கிறது" என்றாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

7.04க்கு மெஷினை நிறுத்தினேன்.